நைஸ் நூல்தான் உறுத்தாது

(‘காதல் பாடல்களைக் காலம் கடந்து நிற்க வைப்பது எளிமையே! புலமையே!’ என்ற தலைப்பில் குன்னத்தூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘புலமையே’ என்ற அணியில் பேசியது.)



நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் பேசும்போது ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். என்ன கேட்டார்? “பனியன் கம்பெனியிலே ஓவர்லாக் மிஷினுக்கு முன்னால உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு எதுக்கய்யா குறுந்தொகை? அந்தப் பொண்ணு கேட்கிறது ஒரு காதல் பாட்டு. அதுல கொண்டுபோய் சங்க இலக்கியத்தைத் திணிக்கிறீங்களே, நியாயமா?” என்று கேட்டார்.

ஐயா, கைதட்டினவர்கள் மேலே எனக்கு வருத்தம் இல்லை. அவர் சொன்ன வேகம் அப்படி. ஆனால் வீட்டுக்குப் போனபிறகு கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் உங்களைப் புகழ்ந்தாரா, இகழ்ந்தாரா? “உனக்கெல்லாம் இது புரியாது, உனக்கு இது போதும்” என்று சொல்வது புகழ்ச்சியா? சாப்பிட வந்தவனிடம் “உனக்குப் பழைய சோறு போதும், பாயசம் எதுக்கு?” என்று கேட்டால் நாம் சும்மா விடுவோமா? (கைதட்டல்)

நான் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புலமை என்றால் கடினம் என்று எதிரணி நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் வகுப்பிலே பாடம் நடத்தும்போது யாருக்கும் புரியவில்லை என்றால் அதற்குப் பெயர் புலமை இல்லை. அதற்குப் பெயர் பீரியடு. (சிரிப்பு) பாட்டிலே புலமை என்பது வேறு. எது சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும், எந்தச் சொல்லை எந்த ஸ்வரத்தின் மேலே உட்கார வைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது. அந்த நயத்துக்காக ஒரு கவிஞனும் ஒரு இசையமைப்பாளனும் படுகிற பாடு. அதைத்தான் நாங்கள் புலமை என்கிறோம்.

இதை உங்களுக்கு விளக்க நான் தொல்காப்பியத்துக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் கம்பெனிக்கே வருகிறேன். ஏனுங்க, நூலுக்குக் கவுண்ட் என்று சொல்கிறீர்களே, அது என்ன? ஒரு பவுண்டு எடையுள்ள நூலிலே, 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை இருக்கிறதோ அதுதான் கவுண்ட். இருபதாம் கவுண்ட் நூல் என்றால் ஒரு பவுண்டிலே 16,800 கெஜம். நாற்பதாம் கவுண்ட் என்றால் அதே ஒரு பவுண்டிலே 33,600 கெஜம். எடை ஒன்றுதான். ஆனால் நூல் அவ்வளவு மெலிசு. இதைத் தமிழ் வாத்தியார் வந்து திருப்பூர் மாவட்டத்திலே சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை! (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவுண்ட் ஏற ஏற நூற்பது கஷ்டம். நல்ல நீளமான பஞ்சு வேண்டும். மிஷின் சுத்தமாக இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் அறுந்துபோகும். நூற்பவனுக்குக் கஷ்டம், பின்னுகிறவனுக்குக் கஷ்டம். ஆனால் போட்டுக்கொள்கிறவனுக்கு? உடம்பிலே போட்டதே தெரியாது. அவ்வளவு மெது. பனியன் போடுகிறவன் “இது எத்தனையாம் கவுண்ட்?” என்று கேட்டா போடுகிறான்? அவனுக்கு எண் தெரிய வேண்டாம். உறுத்தவில்லை என்பது தெரிந்தால் போதும்.

நல்ல காதல் பாட்டும் அதேதான் ஐயா. ராகம் எது என்று தெரியாமலே கண்ணில் தண்ணீர் வருகிறது. எந்தச் சங்கப் பாட்டு என்று தெரியாமலே மனசு ஒரு நிமிஷம் நின்று போகிறது. கஷ்டம் முழுவதும் நெய்தவனோடு போயிற்று, சுகம் மட்டும் கேட்டவனுக்கு வந்தது. இதிலே ஓவர்லாக் அடிக்கிற பெண்ணுக்கு என்ன நஷ்டம்?

இந்த மண்ணைப் பற்றி எதிரணிக்கு இன்னொரு செய்தியும் தெரியவில்லை. இங்கே பக்கத்திலே இருக்கிறது விஜயமங்கலம். பெருங்கதை எழுதிய கொங்குவேளிர் அந்த ஊர் என்பது கொங்கு நாட்டு மரபு. பெருங்கதை என்ன கதை? உதயணன் கதை. உதயணன் ஒரு ராஜகுமாரன். யாழ் வாசித்து மதயானையை அடக்கியவன். சிறைப்பட்ட இடத்திலே வாசவதத்தைக்கு யாழ் சொல்லிக்கொடுக்கப் போய், பாட்டு வாத்தியாரே மாப்பிள்ளையான கதை. (சிரிப்பு) ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால், இசையால் பிறந்த காதலைத் தமிழிலே ஒரு பெருங்காப்பியமாகப் பாடிய மண் இந்த மண். முதலும் கடைசியும் கிடைக்காமல் போன அந்த நூலைத் தேடிப்பிடித்து 1924-இல் அச்சிலே ஏற்றினார் உ.வே.சாமிநாதையர்.

அந்தக் கொங்குவேளிரைப் பற்றி இந்தப் பக்கத்திலே ஒரு கதை வழங்குகிறது. பெருங்கதையை அரங்கேற்றும்போது புலவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டார்களாம். அதற்குக் கொங்குவேளிர் பதில் சொல்லவில்லை. அவர் வீட்டிலே வேலை செய்த பணிப்பெண் எழுந்து பதில் சொன்னாளாம். கதையோ, வரலாறோ, அதை விடுங்கள். இந்தக் கதையை இத்தனை நூற்றாண்டு சொல்லிக்கொண்டு வந்தவர்கள் யார்? கொங்கு மக்கள். வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்குக் காப்பியம் புரியும் என்று நம்பின மக்கள். அந்த மக்கள் முன்னால் வந்து நின்றுகொண்டு, மிஷின் ஓட்டுகிற பெண்ணுக்குக் குறுந்தொகை எதற்கு என்று கேட்கிறீர்களே, நியாயமா? (பலத்த கைதட்டல்)

அடுத்து, எதிரணியிலே இரண்டாவதாகப் பேசிய சகோதரி. அருமையாகப் பேசினார். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். எளிமைக்குச் சாட்சியாக மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உடுமலை நாராயணகவி. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். நா.முத்துக்குமார். மூன்று பேரும் எளிமையாக எழுதினார்கள், மக்கள் மனதிலே நின்றார்கள், ஆகவே எளிமையே வென்றது என்று முடித்தார்.

சகோதரி, அந்த மூன்று சாட்சிகளையும் நான் குறுக்கு விசாரணை செய்கிறேன். நடுவர் அனுமதிக்க வேண்டும்.

முதல் சாட்சி, உடுமலையார். 1899-இல் பூளவாடியிலே பிறந்தவர். இன்றைக்கு நம் திருப்பூர் மாவட்டத்துக்காரர். பள்ளிக்கூடத்திலே அதிகம் படிக்காதவர் என்பது உண்மைதான். ஆனால் அவர் முத்துசாமிக் கவிராயரிடம் மாணவராக இருந்து, நாடகத்தையும் பாட்டையும் யாப்பையும் கற்றவர். பள்ளிக்கூடம் போகாதவர் என்றால் படிக்காதவர் என்று அர்த்தமா? அப்படியானால் திருப்பூரிலே பாதி முதலாளிகள் படிக்காதவர்கள்தான். அவர்களிடம் கணக்கிலே ஏமாற்றிப் பாருங்கள் பார்க்கலாம்! (சிரிப்பு, கைதட்டல்)

இரண்டாவது சாட்சி, பட்டுக்கோட்டையார். 29 வயதிலே, 1959-இல் மறைந்து போனார். பாவேந்தர் பாரதிதாசனிடம் போய்ச் சேர்ந்து, கூடவே இருந்து தமிழ் படித்தவர். அதே 1959-இல் வந்த ‘கல்யாணப் பரிசு’ படத்துக் காதல் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு வழக்குப் போலத்தான் இருக்கும். ஆனால் எதுகை எங்கே விழுகிறது, சந்தம் எங்கே திரும்புகிறது என்று கவனித்தால், பாரதிதாசன் பட்டறையிலே பழகின கை என்பது தெரியும்.

மூன்றாவது சாட்சி, முத்துக்குமார். 2016-இல் 41 வயதிலே நம்மை விட்டுப் போனவர். ‘தங்க மீன்கள்’, ‘சைவம்’ என்று இரண்டு படங்களுக்குத் தேசிய விருது வாங்கினவர். இயற்பியல் படித்து, பிறகு தமிழ் எம்.ஏ. படித்து, பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்து சினிமா படித்து, அதற்குப் பிறகு பாட்டு எழுதினவர். ஆக, மூன்று சாட்சியும் எங்கள் பக்கம் வந்தாயிற்று. எளிமை என்பது புலமை போய்ச் சேருகிற ஊர் ஐயா. புறப்படுகிற இடத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டு “ஊர் வந்துவிட்டது” என்று சொல்லக்கூடாது. (கைதட்டல்)

இன்னும் ஒன்று. 1965-இல் ‘வாழ்க்கைப் படகு’ என்று ஒரு படம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை. கண்ணதாசன் பாட்டு. பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடினார். அதிலே ஒரு காதல் பாட்டு. நான் உன்னைப் பார்க்கும்போது நீ தரையைப் பார்க்கிறாய், நான் எங்கேயோ பார்க்கும்போது நீ என்னைப் பார்க்கிறாய் என்கிற கருத்து. கேட்டவர்கள் எல்லாம் “அடடா, எவ்வளவு எளிமை!” என்றார்கள். யாருடைய கருத்து அது? வள்ளுவர் காமத்துப்பாலிலே, 1094-ஆம் குறளிலே சொல்லி வைத்தது. நீங்கள் எளிமை என்று தலைமேல் தூக்கி வைத்திருக்கிற பாட்டுக்குள்ளே இரண்டாயிரம் வருஷமாக ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார், பார்க்கவில்லையா? (சிரிப்பு) கண்ணதாசனுக்குக் குறள் தெரிந்திருந்தது. அதைக் குறள் என்று தெரியாமல் தரவும் தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பாட்டு.

எதிரணித் தலைவர் ‘சிந்து பைரவி’யையும் இழுத்தார். 1985-இல் வந்த படம். கர்நாடக சங்கீத வித்வான் பெரிதா, புரிகிற தமிழிலே பாடுகிற பெண் பெரிதா என்று கேட்ட படம். ஆகவே எளிமை வென்றது என்றார். அது காதல் பாட்டு இல்லை, இருந்தாலும் இழுத்துவிட்டார், பதில் சொல்கிறேன். அந்தக் கிராமத்துப் பாட்டு எங்கே போய் முடிகிறது? ஒரு தியாகராஜர் கீர்த்தனையிலே போய்க் கலக்கிறது. அந்தக் கீர்த்தனை வழக்கமாகக் காம்போதியிலே பாடப்படுவது. இளையராஜா அதைச் சாரமதி ராகத்திலே அமைத்தார். கிராமத்து மெட்டையும் அதே சாரமதியிலே அமைத்தார். ஒரே ராகத்தின் தண்டவாளத்திலே இரண்டு பெட்டியும் ஓடி, கடைசியில் ஒன்றாக நிற்கிறது. சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் அந்தப் படம் தேசிய விருது வாங்கித் தந்தது. அது எளிமைக்குக் கிடைத்த வெற்றியா? எளிமையும் புலமையும் ஒரே வயிற்றிலே பிறந்த பிள்ளைகள் என்று நிரூபித்த புலமைக்குக் கிடைத்த வெற்றி!

இப்போது கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் ஒரு குற்றச்சாட்டு வைத்தார். அது வலுவான குற்றச்சாட்டு. 1997-இல் வந்த ‘இருவர்’ படம். ரகுமான் இசை, வைரமுத்து பாட்டு. உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடிய காதல் பாட்டு. அதிலே புறநானூறு 112-ஆம் பாட்டிலிருந்து நிலாவை எடுத்து வைத்திருக்கிறார்கள். புறநானூற்றிலே அதைப் பாடினவர்கள் பாரியின் மகளிர். போன மாதத்து நிலாவிலே எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் மலை எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலாவிலே மலையையும் பகைவர் கொண்டார்கள், அப்பாவும் இல்லை என்று இரண்டு பெண்பிள்ளைகள் அழுத பாட்டு. “செத்த வீட்டு அழுகையைக் கொண்டுவந்து டூயட் ஆக்கிவிட்டார்களே, இதுதான் உங்கள் புலமையா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெண்கள் ஏன் நிலாவைப் பிடித்துக்கொண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மலை போயிற்று, தகப்பன் போயிற்று, ஊர் போயிற்று. மாறாமல் இருந்தது நிலா ஒன்றுதான். அன்றைக்குப் பார்த்த அதே நிலா இன்றைக்கும் வந்து நிற்கிறது. பார்க்கிற நாம்தான் பழைய ஆளாக இல்லை. பிரிவின் வலி முழுவதும் அந்த ஒரு இடத்திலே இருக்கிறது. கவிஞன் எடுத்துக்கொண்டது அந்த வலியை. காதலித்தவன் ஒருவன் பழைய நிலாவை நினைத்தால் அவனுக்கும் அதே வலிதானே? அதுவும் அந்தப் பாட்டு, நடிகர்களைப் பற்றிய படத்துக்குள்ளே ராஜா ராணி வேஷத்திலே வருகிற பாட்டு. பழந்தமிழின் சாயல் வேண்டியிருந்தது, பழந்தமிழின் வீட்டுக்கே போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஒரு தமிழ் வாத்தியாராக எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். புறநானூறு 112-ஐ நான் வகுப்பிலே எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படம் வந்த பிறகு, முதல் இரண்டு சொல்லைப் படித்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. “சார், இது பாட்டு சார்!” என்றார்கள். “ஆமாம் கண்ணு, பாட்டுதான். ஆனால் இது யார் பாடினது தெரியுமா?” என்று சொல்ல ஆரம்பித்தேன். கடைசி அடி வந்தபோது முன் பெஞ்சிலே இருந்த ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அப்பா இல்லை. நடுவர் அவர்களே, பாரி மகளிர் அழுகை இரண்டாயிரம் வருஷம் கழித்து வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு சினிமாப் பாட்டு அதற்கு வழி விட்டது. இதைத் திருட்டு என்பீர்களா, தபால் என்பீர்களா? (கைதட்டல்)

அதே பாட்டிலே இன்னொரு சங்கப் பாட்டும் இருக்கிறது. குறுந்தொகை 40. ஐந்தே ஐந்து அடி. எழுதினவர் பெயர் தெரியாது. பாட்டிலே சொன்ன உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். 2006-இல் ‘சில்லுனு ஒரு காதல்’ படத்திலே வாலி அதே செம்மண்ணையும் மழை நீரையும் திரும்ப எடுத்து ஒரு காதல் பாட்டிலே வைத்தார். அந்தப் பாட்டு இன்றைக்கும் நம்ம டவுன் பஸ்ஸிலே ஓடுகிறது, கல்யாண வீடியோவிலே ஓடுகிறது, செல்போனிலே ஓடுகிறது.

அந்தக் குறுந்தொகைப் பாட்டு என்ன சொல்கிறது என்று இந்த ஊரிலே நின்று சொல்கிறபோது எனக்கு ஒரு நடுக்கம் வருகிறது. ஏன் தெரியுமா? நம்ம பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி என்ன? “பையன் எந்த ஊருங்க? என்ன கூட்டமுங்க? அவிங்க அம்மா யாரூட்டுப் பொண்ணுங்க?” இதுதானே கேள்வி? அந்தச் சங்கத்துக் காதலன் இதே கேள்விகளைத்தான் வரிசையாகக் கேட்கிறான். உன் தாய் யார், என் தாய் யார்? உன் தகப்பனுக்கும் என் தகப்பனுக்கும் என்ன உறவு? உனக்கும் எனக்கும் எப்படிப் பழக்கம்? எல்லாம் கேட்டுவிட்டு, எந்த உறவும் இல்லை. ஆனாலும் செம்மண்ணிலே விழுந்த மழை மாதிரி மனசு கலந்துவிட்டது என்கிறான். மண்ணிலே விழுந்த மழையை யாராவது தனியாகப் பிரிக்க முடியுமா? மழைக்கு முன்னால் அந்த மண்ணுக்கு நிறம் உண்டு, தண்ணீருக்கு நிறம் இல்லை. விழுந்த பிறகு இரண்டுக்கும் ஒரே நிறம்.

இதை எளிமையாகச் சொல்கிறேன் என்று ஒருவர் இந்த மேடையிலே ஏறி, “கல்யாணத்துக்குச் சாதி பார்க்காதீங்க, கூட்டம் பார்க்காதீங்க” என்று மூன்று வார்த்தை பேசிப் பார்க்கட்டும். பாதிப் பேர் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் மேடைக்கு வந்துவிடுவார்கள். ஆனால் அதையே பாட்டாக, உவமையாக, ஒரு நல்ல மெட்டின் மேலே ஏற்றி விட்டால் என்ன நடக்கிறது? ஊர் பார்த்து, கூட்டம் பார்த்து, ஜாதகம் பார்த்து, பத்து நாள் அலசி ஆராய்ந்து நடத்துகிற கல்யாணத்தின் வீடியோவிலேயே, அந்தச் செம்புலத்துப் பாட்டைப் பின்னணியிலே போட்டுக்கொள்கிறோம்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

சிரிக்கிறோம். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் 2016-இல், இதே நம் மாவட்டத்திலே, உடுமலைப்பேட்டையிலே, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பையனை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலே, பட்டப்பகலிலே வெட்டிக் கொன்றார்கள். கூட இருந்த பெண்ணையும் வெட்டினார்கள். ஒரு பாட்டு அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டுக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் உறவு கேட்காமல் மனசு கலக்கும் என்று சொன்னது மேல்நாட்டு நாகரிகம் இல்லை, நம் தமிழிலே ஐந்து அடியிலே எழுதி வைத்தது என்று அந்தப் பாட்டு நம் காதிலே சொல்லிக்கொண்டே இருக்கிறது. வாசலிலே கதவைச் சாத்தினாலும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து சொல்கிறது. அந்த வேலையைச் செய்ய வெறும் “நான் உன்னைக் காதலிக்கிறேன்” போதாது ஐயா. அதற்குப் புலமை வேண்டும்.

இன்னொரு காரியத்தையும் புலமைதான் செய்திருக்கிறது. பெண் தன் ஆசையைத் தன் வாயால் சொல்வது. சங்க காலத்திலே வெள்ளிவீதியார் சொன்னார். பிறகு ஆண்டாள் சொன்னார். சினிமாவிலே ரொம்ப காலம் பெண்ணுடைய ஆசையை ஆண்கள்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2001-இல் ‘மின்னலே’ படத்திலே, ஹாரிஸ் ஜெயராஜ் இசையிலே, பாம்பே ஜெயஸ்ரீ குரலிலே, தாமரை எழுதின ஒரு பாட்டு வந்தது. தாமரை நம்ம கோவைக்காரர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். அந்தப் பாட்டிலே பெரிய வர்ணனை இல்லை. குளிர், போர்வை, வீடு, சேலை நுனி என்கிற மாதிரி அன்றாட விஷயங்கள்தான். எதிரணி உடனே “பார்த்தீர்களா, எளிமை!” என்று குதிக்க வேண்டாம். சங்கத்துப் பெண் கவிஞர்கள் செய்ததும் அதேதான். வீட்டுக்குள்ளே கிடக்கிற சின்னப் பொருளை எடுத்து, அதற்குள்ளே சொல்ல முடியாத ஆசையை வைத்தார்கள். ஆபாசமாக எழுத மாட்டேன், ஆங்கிலம் கலக்க மாட்டேன் என்று தனக்குத்தானே வேலி போட்டுக்கொண்டு எழுதுகிறவர் தாமரை. வேலி போட்டுக்கொண்டு ஆடுவது கஷ்டமான ஆட்டம். அது படித்த கைக்குத்தான் வரும்.

அகத்திணைக்கு ஒரு விதி உண்டு. காதலிக்கிறவர்கள் பெயரைச் சொல்லக்கூடாது. தலைவன், தலைவி, அவ்வளவுதான். பெயர் வந்தால் அது அகம் இல்லை என்று தொல்காப்பியர் கறாராகச் சொல்லிவிட்டார். எதற்காக? பெயர் இல்லாத இடத்திலே கேட்கிறவன் போய் உட்கார்ந்துகொள்ளலாம். நல்ல காதல் பாட்டு எல்லாம் இன்றைக்கும் இந்த விதியிலேதான் ஓடுகிறது. மிஷின் சத்தத்துக்கு நடுவிலே, காதிலே ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிற பெண், பாட்டுக்குள்ளே தன்னைத்தானே பார்க்கிறாள் என்றால், அந்த நாற்காலியை அவளுக்காகக் காலியாக விட்டு வைத்தது தொல்காப்பியர் போட்ட விதி. அவளுக்குத் தொல்காப்பியம் தெரியாது. தொல்காப்பியத்துக்கு அவளைத் தெரிந்திருக்கிறது! (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியைக் கையிலே எடுத்துவிட்டார். இன்னும் இரண்டே செய்திதான் ஐயா.

சில பேர் புலமை என்ற பெயரிலே அகராதியைப் பாட்டுக்குள்ளே கவிழ்த்துவிடுகிறார்கள் என்று சகோதரி சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். நிலா, மேகம், மின்னல், அமிலம், அணு, எரிமலை, அண்டார்டிகா என்று ஒரே சரணத்திலே அடுக்கிவிட்டு, கடைசியிலே “பெண்ணே” என்று போட்டுவிட்டால் அது காதல் பாட்டு ஆகாது. பூகோளப் பாடம் ஆகும். (சிரிப்பு) அது பனியன் மேலே ஒட்டின பிரிண்ட் மாதிரி. நாலு துவைப்பிலே உதிர்ந்துவிடும். புலமை என்பது சாயம் மாதிரி நூலுக்குள்ளே இறங்க வேண்டும். உதிர்கிற பிரிண்டைக் காட்டிச் சாயப்பட்டறையை மூடச் சொல்லாதீர்கள்!

இரண்டாவது செய்தி, வெளிநாட்டிலிருந்து. பீட்டில்ஸ் என்று ஒரு இங்கிலாந்துக் குழு. அதிலே பால் மெக்கார்ட்னிக்கு ஒருநாள் தூக்கத்திலே ஒரு மெட்டு வந்தது. வார்த்தை வரவில்லை. நம்ம ஊரிலே தத்தகாரம் போடுவோமே, அந்த மாதிரி அவர் சும்மா ஒரு வார்த்தை போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். என்ன வார்த்தை? முட்டைப் பொரியல்! (சிரிப்பு) சத்தியமாக ஐயா. பிறகு உட்கார்ந்து, தேடி, ‘யெஸ்டர்டே’ என்ற சொல்லைப் பிடித்தார். நேற்று. காதல் போன துக்கத்துக்கு அந்த ஒரு சொல். அதற்கு ஒரு கித்தார், அதோடு இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதத்து நால்வர் அணி. 1965-இல் வெளிவந்து உலகம் முழுவதும் இன்னும் பாடப்படுகிறது. மெட்டும் எளிமையும் போதும் என்றால் அவர் முட்டைப் பொரியலோடு விட்டிருக்கலாமே? ஏன் விடவில்லை? மெட்டுக்கு உரிய சொல் கிடைக்கிற வரைக்கும் கலைஞனுக்குத் தூக்கம் வராது. அந்தத் தூக்கம் வராத ராத்திரிக்குப் பெயர்தான் புலமை.

1982-இல் பாரதிராஜாவின் ‘காதல் ஓவியம்’ வந்தது. கோயிலிலே பாடுகிற கண் தெரியாத பாடகன் கதை. பாட்டெல்லாம் சாஸ்திரிய ராகத்திலே தோய்ந்தது. வைரமுத்து பாட்டு, இளையராஜா இசை. படம் ஓடவில்லை. எதிரணி சொல்வது உண்மையானால், படத்தோடு பாட்டும் படுத்திருக்க வேண்டும். புரியாத சங்கீதம் யாருக்கு வேண்டும்? ஆனால் பாட்டு எழுந்து நடந்தது. அந்தப் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனது சபா இல்லை, பல்கலைக்கழகம் இல்லை. டீக்கடையும், தனியார் டவுன் பஸ்ஸும், பனியன் கம்பெனியிலே மேலே தொங்கின ஸ்பீக்கரும். மக்களுக்கு எது நைஸ் நூல் என்று தொட்டுப் பார்த்துத் தெரியும்.

ஆகவே நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுகிற நேரத்திலே என் அணிக்காக நான் கேட்பது ஒன்றுதான். “இது போதும் இவர்களுக்கு” என்று யார் சொன்னாலும் அதற்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். விடிகாலையிலே கம்பெனி வேனிலே ஏறி, ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, ராத்திரி வீடு திரும்புகிறவர்களுக்கு மிஞ்சுகிற நேரம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்திலே காதிலே விழுகிற பாட்டாவது, உலகத்திலேயே நல்ல பாட்டாக இருக்கட்டும். வெளிநாட்டுக்காரன் போட்டுக்கொள்ள முதல் தர பனியன் தைத்து அனுப்புகிற கைக்கு, இரண்டாம் தரப் பாட்டு போதும் என்று இந்த மன்றம் சொல்லிவிடக் கூடாது.

காதல் பாடல்களைக் காலம் கடந்து நிற்க வைப்பது புலமையே, புலமையே!